ஏஜென்சி ஆளா, நம்ம தெரு அக்காவா, ஹோமா? படுக்கைல இருக்கறவங்கள பாத்துக்க எது கடைசி வரைக்கும் தாங்குது

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்துடுச்சு, பேச்சும் சரியா வரல. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரில இருந்து டிஸ்சார்ஜ் ஆகி கடலூர் வந்ததுல இருந்து எங்க வீட்ல ஒரே கேள்வி, பகல்ல யாரு பாத்துக்கறது. நான் வேலைக்குப் போறவ, தம்பி பெங்களூர்ல, அப்பாவுக்கே வயசு எழுபதுக்கு மேல. இருக்கற வழி மூணுதான், முதியோர் ஹோம்ல சேக்கறது, ஏஜென்சி மூலமா ஆள் வெக்கறது, இல்லன்னா நம்ம ஏரியாவுலயே தெரிஞ்ச ஒரு அக்காவ நேரா பேசி வெச்சுக்கறது. மூணையும் அலசிட்டு, ஏஜென்சி ஆள கொஞ்ச காலம் வெச்சும் பாத்துட்டு, இப்ப நாங்க இருக்கறது மூணாவதுல. நான் அந்தப் பக்கம்தான் சாயறேன், அத முதல்லயே சொல்லிடறேன், அதனால மத்ததுக்கு நான் குடுக்கற இடம் கம்மியாத்தான் இருக்கும்.

ஹோம் பத்தி சுருக்கமா. புதுச்சேரி பக்கமும் கடலூர் பக்கமும் விசாரிச்சோம், நாங்க கேட்ட இடங்கள்ல நடமாட்டம் உள்ளவங்கள சேத்துக்கறாங்க, படுத்த படுக்கைன்னு சொன்னதும் யோசிக்கறாங்க, இல்லன்னா ரேட் வேற சொல்றாங்க. வீட்ல பாக்க யாருமே இல்லாதவங்களுக்கு அது தேவையான இடம், அங்க சேக்கறவங்கள ஒரு வார்த்த தப்பா பேச எனக்கு மனசு வராது. ஆனா சேக்கறதுக்கு முன்னாடி ராத்திரில எத்தன பேருக்கு எத்தன ஆள் இருக்காங்கன்னு கேளுங்க, முடிஞ்சா சாயங்காலத்துக்கு அப்புறம் ஒரு தடவ போய் பாருங்க. பகல்ல போனா எல்லா இடமும் நல்லாத்தான் தெரியும்.

செலவுன்னு பாத்தா ஏஜென்சிதான் அதிகம், அது எல்லாருக்கும் தெரிஞ்சதே. பதிவுக் கட்டணம், அட்வான்ஸ், மாசச் சம்பளம், 24 மணி நேர ஆள்னா சாப்பாடும் தங்கற இடமும் நம்மளது. நாம குடுக்கற காசுல ஒரு பங்கு ஏஜென்சிக்குப் போகும், வேலை செய்யற பொண்ணு கைக்குப் போறது அதவிட கம்மி, இது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்த விஷயம். ஆனா நாங்க மாறினதுக்கு காசு காரணமில்ல.

காரணம் ஆள் மாறிக்கிட்டே இருக்கறது.

ஏஜென்சிக்காரங்க எல்லாரும் பெருசா சொல்றது என்ன, "ஆள் லீவு போட்டா உடனே வேற ஆள் அனுப்புவோம் மேடம்". கேக்கறப்ப அப்பாடான்னு இருக்கும், எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அனுப்பவும் அனுப்பினாங்க, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா புதுசா ஒருத்தங்க வந்து கதவ தட்டறப்ப அம்மாவப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? அம்மாவுக்குத் தண்ணி அப்படியே குடுத்தா புரை ஏறும், கஞ்சி பதத்துல கெட்டியா குடுத்தாதான் இறங்கும், அதுவும் நிமிந்து உக்காந்து, தாடைய கொஞ்சம் கீழ இறக்கி, ஒரு வாய் முழுங்கினத பாத்துட்டுத்தான் அடுத்த வாய். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது சாய்ஞ்சு உக்காந்திருக்கணும், உடனே படுக்க வெச்சா ஆகாது. புரை ஏறி சாப்பாடு நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா, ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு மறுபடி ஆஸ்பத்திரிதான். வலது கைய புடிச்சு இழுத்து தூக்கக்கூடாது, விழுந்த கைல தோள் மூட்டு சுலபமா நழுவிடும், அக்குள்ல கை குடுத்தும் தூக்கக்கூடாது. இதெல்லாம் டிஸ்சார்ஜ் ஆகறப்ப பிசியோ மேடம் சொல்லிக் குடுத்தது, எங்களுக்கே கைல வர நாளாச்சு.

அதுக்கும் மேல அம்மாவோட பாஷை. பேச்சு வராதவங்களுக்கு ஒரு பாஷை இருக்கும், கூட இருக்கறவங்களுக்குத்தான் புரியும். இடது கையால போர்வைய இழுத்தா யூரின் வருதுன்னு அர்த்தம், கண்ண இறுக்கி மூடினா வலி, முகத்த சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா டிவி சத்தத்த கம்மி பண்ணணும். புதுசா வந்தவங்களுக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பே இல்ல, அது அவங்க குத்தமும் இல்ல. ஆனா அவங்க கத்துக்கற வரைக்கும் அம்மா ஈரத்துலயே கிடப்பாங்க, அம்மாவுக்கு கோவம் வரும், அப்புறம் அழுகை, அந்த அழுகைய பாத்து அப்பா சாப்பிடாம உக்காந்திருப்பாரு. நான் லீவு போட்டு புது ஆளுக்கு சொல்லிக் குடுக்கணும். அவங்க நல்லா பழகி அம்மாவும் அவங்க முகத்த தேட ஆரம்பிக்கறப்ப, ஊர்ல விசேஷம், இல்ல அதவிட நல்ல சம்பளத்துல வேற வீடு, திரும்ப வேற முகம். ஆள் வெக்கறதே வீட்ல பாத்துக்கறவங்களுக்கு கொஞ்சம் மூச்சு விட நேரம் வேணும்னுதான். ஆள் மாற மாற அந்த மூச்சு நமக்கு கிடைக்கறதே இல்ல, கூடவே சொல்லிக் குடுக்கற வேலையும் நம்ம தலைல ஏறுது.

அதனால யார் எங்கிட்ட கேட்டாலும் நான் கேக்கச் சொல்றது ஒன்னுதான், "ஆள் வரலன்னா வேற ஆள் வருமா"ன்னு கேக்காதீங்க, "இதே ஆள் ஆறு மாசம் கழிச்சும் இருப்பாங்களா"ன்னு கேளுங்க. அதுக்கு நேரா பதில் வரலன்னா யோசிங்க.

நேரா வெச்சுக்கற அக்கா விஷயத்துக்கு வரேன். நாங்க வெச்சிருக்கற அக்கா மூணு தெரு தள்ளி இருக்கறவங்க, மகளிர் குழுல இருக்காங்க, அவங்க மாமியார கடைசி வரைக்கும் படுக்கைல வெச்சுப் பாத்தவங்க. டிரெய்னிங் சர்டிபிகேட் எதுவும் கிடையாது. காலைல எட்டு மணிக்கு வந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் இருக்காங்க, ராத்திரி நானும் அப்பாவும். இதுல பெரிய ஓட்டை எதுன்னு எல்லாருக்கும் தெரியும், அவங்க வரலன்னா யாருமே இல்ல. அதுக்கு நாங்க பண்ணது, ஒரே ஆள நம்பாம அக்காவையும் அவங்க நாத்தனாரையும் சேத்தே பேசிட்டோம். வாரத்துல அஞ்சு நாள் அக்கா, ஒரு நாள் நாத்தனார், ஞாயித்துக்கிழமை நாங்களே. இப்ப ரெண்டு பேருக்கும் அம்மாவத் தெரியும், அம்மாவுக்கும் ரெண்டு பேரையும் தெரியும். அக்காவுக்கு காய்ச்சல்னா நாத்தனார் வந்துடறாங்க, புதுசா யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. இந்த ரெண்டாவது ஆள் ஏற்பாடு மட்டும் இல்லன்னா நேரடி ஆள் வெக்கறத நான் சிபாரிசு பண்ணவே மாட்டேன். தேவை இல்லாத வாரத்துலயும் அந்த ஒரு நாள் வேலைய நாத்தனாருக்கு குடுத்துக்கிட்டே இருக்கணும், வருஷத்துக்கு ரெண்டு தடவ கூப்பிட்டா அவங்களும் புது ஆள்தான்.

கட்டில்கிட்ட ஒரு நோட்டு தொங்குது. திருப்பிப் படுக்க வெச்ச நேரம், யூரின், மோஷன், மாத்திரை, எவ்ளோ சாப்பிட்டாங்க, தோல்ல எங்கயாவது சிவப்பு இருக்கா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பணும், இடுப்பு எலும்பு, குதிகால், பின்பக்கம் இந்த இடங்கள்லதான் புண் முதல்ல வரும், சிவந்த இடத்த அமுக்கினா வெளுக்காம அப்படியே சிவப்பாவே இருந்தா புண் ஆரம்பிக்குதுன்னு அர்த்தம். திருப்பறதுக்கு அக்கா ஒரு பழைய காட்டன் புடவைய நாலா மடிச்சு தோள்ல இருந்து தொடை வரைக்கும் அம்மாவுக்கு அடில குறுக்க போட்டு வெச்சிருக்காங்க, ரெண்டு பேர் ரெண்டு பக்கம் புடவைய புடிச்சு தூக்கி நகத்தினா அம்மா தோலும் உரசாது, நம்ம முதுகும் போகாது. இதே முறைய பிசியோவும் சரின்னு சொன்னாங்க.

ஏர் பெட் வாங்கிட்டோமே, திருப்ப வேணாம்னு சிலர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, ஏர் பெட் இருந்தாலும் திருப்பணும். அது மோட்டார்ல ஓடுறது, கரண்ட் போனா காத்து இறங்கிடும். நம்ம கடற்கரை ஊர்ல இது சின்ன விஷயம் இல்ல. 2011 தானே புயல மறக்க முடியுமா, 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புதுச்சேரி பக்கத்துல கரை ஏறினப்பயும் அதுக்கப்புறம் பெண்ணையாத்துல வெள்ளம் வந்தப்பயும் எத்தன வீட்ல கரண்ட் இல்லாம, ஆள் வர வழி இல்லாம தவிச்சாங்க. ரோடு மூடினா வெளியூர்ல இருந்து வர்ற ஏஜென்சி ஆள் வர முடியாது, மூணு தெரு தள்ளி இருக்கற அக்கா முழங்கால் தண்ணில நடந்தாவது வர வாய்ப்பு இருக்கு. ஆனா அவங்க வீட்லயே தண்ணி பூந்திருந்தா நாம எதிர்பாக்கவே கூடாது, அன்னிக்கு நாமதான் பாத்துக்கணும், அதனால வீட்ல ரெண்டு பேருக்காவது எல்லா வேலையும் தெரிஞ்சிருக்கணும்.

அடுத்தது அரசாங்க உதவி, இத பலபேர் கேக்காமலே விட்டுடறாங்க. 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் இல்ல, படுக்கைல இருக்கறவங்களுக்கு பிசியோதெரபியும் வலி தணிப்பு சிகிச்சையும் வீட்டுக்கே வரும், காசு கிடையாது. பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க. அதுல வீட்டுக்கு நர்ஸ் வர்ற நாள்ல நீங்க வெச்சிருக்கற அக்காவையும் பக்கத்துல நிக்க வெச்சு கேள்வி கேக்க விடுங்க, சர்டிபிகேட் இல்லாத ஆளுக்கு அதவிட நல்ல டிரெய்னிங் வேற கிடைக்காது. இது தமிழ்நாட்டுத் திட்டம், முள்ளோடை தாண்டினா புதுச்சேரி, அங்க அரசாங்கமே வேற, ரேஷன் கார்டு எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊர் திட்டத்தத்தான் கேக்கணும்.

மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் ஸ்ட்ரோக் வந்து ஆறு மாசம் ஆன பிறகுதான் மதிப்பிடுவாங்க, அதனால அந்தத் தேதிய குறிச்சு வெச்சுக்கோங்க. கடுமையா பாதிக்கப்பட்டவங்களுக்கு தமிழ்நாட்ல மாசம் 2000 ரூபா பராமரிப்பு உதவித்தொகை இருக்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மனு குடுக்கணும். வருமான வரி பழைய முறைல கட்டறவங்களா இருந்தா நம்மள நம்பி இருக்கற மாற்றுத்திறனாளிக்காக, 80டிடின்னு எல்லாரும் சொல்ற கழிவுல 75,000, பாதிப்பு 80 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா 1,25,000 வருமானத்துல கழிச்சுக்கலாம், புது முறைல அது கிடையாது. காப்பீட்ட நம்பி ஆள் வெக்காதீங்க, தமிழ்நாட்டு முதல்வர் மருத்துவக் காப்பீடா இருந்தாலும், 70 வயசு ஆன எல்லாருக்கும்னு 2024 அக்டோபர்ல வந்த மத்திய அரசோட ஆயுஷ்மான் கார்டா இருந்தாலும் அது அட்மிட் ஆகற செலவுக்குத்தான், வீட்டு ஆள் சம்பளத்துக்கு வராது. பெரியவங்க சம்பந்தமா எது கேக்கணும்னாலும் எல்டர்லைன் உதவி நம்பர் 14567, காலைல எட்டுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும் எடுப்பாங்க. பாத்துக்கறவங்களுக்கே மனசு தாங்கலன்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி நம்பர், ராத்திரி ரெண்டு மணிக்கும் பேசலாம், தமிழ்லயே பேசலாம். தயவு செஞ்சு இந்த ரெண்டாவது நம்பர போன்ல போட்டு வெச்சுக்கோங்க. "எனக்கென்ன, படுத்திருக்கறது அவங்கதானே"ன்னு சொல்லியே முதுகு வலியோட, தூக்கம் இல்லாம வருஷக்கணக்கா ஓட்டறவங்க நம்மள்ல நிறைய பேர், அதுலயும் மருமகளும் பொண்ணும்தான் அதிகம்.

ஏஜென்சியே வேணாம்னு நான் சொல்லல. ஆஸ்பத்திரில இருந்து வந்த முதல் சில வாரம், மூக்குல டியூப், யூரின் டியூப், கழுத்துல ஓட்டை போட்டு சளி எடுக்கறதுன்னு இருந்தா, முறையா நர்ஸிங் படிச்சவங்க வேணும், அதுக்கு அனுபவம் மட்டும் போதாது. எங்க அம்மாவுக்கு கழுத்து டியூப் தேவைப்படல, அதனால அதப்பத்தி நான் பேச முடியாது. மறதி நோய் வந்து எழுந்து நடந்து வெளிய போயிடறவங்களுக்கு ராத்திரியும் முழிச்சிருக்கற ஆள் வேணும், பகல் அக்கா மட்டும் பத்தாது, அங்க ஏஜென்சியோட ஷிப்ட் முறை உதவலாம்னு தோணுது, ஆனா நான் கூட இருந்து பாத்ததில்ல. ஆம்பளைங்க படுக்கைல இருந்தா தூக்கறதுக்கும் குளிப்பாட்டறதுக்கும் ஆம்பள ஆள் வேணும், நம்ம தெருவுல அப்படி கிடைக்கறது கஷ்டம், என் சிநேகிதி வீட்ல தேடித் தேடி கடைசில ஏஜென்சிக்குத்தான் போனாங்க.

நேரா ஆள் தேடறவங்க மகளிர் குழு, சுகாதார நிலையத்துல இருந்து வீட்டுக்கு வர்ற தன்னார்வலர் அக்கா, ஏற்கனவே ஒரு பெரியவர பாத்து முடிச்ச வீடு, இந்த மூணு இடத்துல கேளுங்க. ஆதார் நகல் வாங்கி வெச்சுக்கோங்க, வெளியில நல்லா விசாரிங்க. சம்பளத்த தேதி தவறாம குடுங்க, மாசத்துக்கு ரெண்டு நாள் சம்பளத்தோட லீவு முதல்லயே பேசிடுங்க, அம்மாவ பாக்கற வேலைல பாத்திரமும் துணியும் சேராதுன்னும் முதல் நாளே சொல்லிடுங்க, வீட்ல இருக்கற மத்தவங்களுக்கும் சேத்து. வீட்டுப் பணியாளர் நல வாரியத்துல பதிவு பண்ண அவங்களுக்கு உதவி பண்ணுங்க. பொங்கலுக்கு அவங்க வீட்லயும் பொங்கல்தான், அந்த மூணு நாளுக்கு யார் இருக்கறதுன்னு டிசம்பர்லயே தம்பி தங்கச்சிங்க எல்லாரும் போன்ல பேசி முடிவு பண்ணிடுங்க.