கார் வராத பாதை என்று நம்பி 2,340 யூரோ கொடுத்தோம்

எங்களுக்குச் சைக்கிள் சுற்றுலா விற்ற கம்பெனியிடமிருந்து இன்று காலை வந்த மின்னஞ்சலைப் படித்த கையோடு இதை எழுதுகிறேன். கொஞ்சம் ஆறப்போட்டு எழுது என்றார் கணவர். பத்து நாளாக ஆறாத கோபம் இனி எங்கே ஆறப்போகிறது. பிரான்சில் சைக்கிள் பயணம் போகலாம் என்று யோசிக்கும் நம்மவர்கள் யாராவது இருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் கட்டியது 2,340 யூரோ. நம் ஊர்க் கணக்கில் இரண்டு லட்சத்துக்கு மேல்.

நாங்கள் பிரான்சில் தூலூஸ் நகரில் இருக்கிறோம். கோடையில் அப்பா திருச்சியிலிருந்து மூன்று மாதம் தங்க வந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருடம் வேலை பார்த்தவர், அத்தனை வருடமும் சைக்கிளில்தான் போய்வந்தார். இங்கே வந்ததும் தினமும் காலையில் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்வாய்க்கரைப் பாதையில் பத்து கிலோமீட்டர் போய்விட்டு வருவார். 66 வயது. அவரை வைத்துத்தான் இந்த ஆசையே வந்தது.

போர்தோ பக்கத்தில் ரொஜே லாப்பேபி பாதை என்று ஒன்று இருக்கிறது. 1937-இல் தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்த வீரரின் பெயர். ரயில் நின்றுபோன பழைய தடத்தைத் தார் போட்டு சைக்கிளுக்கு விட்டிருக்கிறார்கள். போர்தோவிலிருந்து சோவ்தேர் த குயேன் வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், வழியெல்லாம் திராட்சைத் தோட்டம். "தண்டவாளத்தை எடுத்துட்டு சைக்கிளுக்கே விட்டுட்டாங்களா?" என்று அப்பா நாலு தடவை கேட்டார். அதைக் கேட்ட பிறகு கூட்டிப்போகாமல் எப்படி இருப்பது?

இணையத்தில் சைக்கிள் சுற்றுலா விற்கும் ஒரு தளத்தைப் பிடித்தோம். ஆறு நாள், ஐந்து இரவு. மூன்று எலக்ட்ரிக் சைக்கிள், தங்கும் இடம், பெட்டிகளை அடுத்த ஊருக்கு வேனில் கொண்டுபோய் வைப்பது, போனில் பார்த்துப் போக வரைபடம் எல்லாம் சேர்த்து. முதலில் திராட்சைத் தோட்டங்கள், பிறகு கடற்கரை. பக்கத்தின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் "போக்குவரத்து இல்லாத பயணம்".

எனக்குச் சந்தேகம் இருந்தது. அதனால்தான் போன் செய்தேன். எடுத்த பெண் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். அப்பாவின் வயதைக் கேட்டார், தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவார் என்று கேட்டார், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாரா என்றுகூடக் கேட்டார். "என் அப்பாவை அனுப்புவதாக இருந்தாலும் இந்தப் பயணத்துக்குத்தான் அனுப்புவேன். ஒரு கார்கூடப் பக்கத்தில் வராது" என்றார். அப்பா எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தேதிக்கு மூன்று சைக்கிள்தான் மிச்சம் இருக்கிறது, கார்டில் கட்டினால் 2,400, வங்கிப் பரிமாற்றமாக அனுப்பினால் 2,340 என்றார். போனை வைப்பதற்குள் அனுப்பிவிட்டேன். அறுபது யூரோ மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை காலை போர்தோ ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு பையன் வேனில் வந்து மூன்று சைக்கிளை இறக்கினான். அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தினான். டேப்லெட்டை நீட்டினான், விரலால் கையெழுத்துப் போட்டேன். பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று அப்பா சொன்னபோது வேன் கிளம்பிவிட்டது.

முதல் நாள் பாதையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். காரோன் ஆற்றங்கரையில் ஆரம்பித்து, மரநிழலில் மெல்ல மேலே ஏறுகிறது. ஆற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் இந்த நிலத்துக்கு "இரு கடல்களுக்கு நடுவே" என்று பெயர்; காரோன் ஒரு பக்கம், தொர்தோன் ஒரு பக்கம். க்ரேயோன் ஊரில் பழைய ரயில் நிலையத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். அப்பா நடைமேடையைத் தடவிப் பார்த்தார். லா சோவ் ஊரில் 1079-இல் தொடங்கிய மடாலயம் இடிந்த நிலையில் நிற்கிறது, அதையும் பார்த்தோம். அப்புறம் ரயிலுக்காகக் குடைந்த சுரங்கம், உள்ளே ஜில்லென்று இருந்தது. "ரயில் தடம்னா ஏத்தம் இப்படித்தான்மா இருக்கும், கால் வலிக்காது" என்று அப்பா எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். அன்று முழுக்கப் பாதையில் ஒரு கார் வரவில்லை. அந்தப் பெண் சொன்னது உண்மைதான் என்று நினைத்தேன்.

ஆனால் அந்தப் பாதை பொதுப்பாதை. யார் வேண்டுமானாலும் போகலாம், ஒரு காசு கட்டணம் கிடையாது. எங்களுக்கு அவர்கள் விற்றது அதைத்தான்.

சோவ்தேரில் விடுதிக்குப் போனால் எங்கள் பெயரில் அறை இல்லை. போன் செய்தால் வேறு கிராமத்தில் மாற்றியிருக்கிறோம், ஒன்பது கிலோமீட்டர்தான் என்றார்கள். இருட்டும் நேரத்தில் மாவட்டச் சாலையில் போய்ச் சேர்ந்தோம். பெட்டிகள் வரவில்லை. அப்பாவின் மாத்திரை பெட்டிக்குள் இருந்தது. மறுநாள் பதினோரு மணிக்குத்தான் வேன் வந்தது.

இரண்டாம் நாள் சேந்த் எமிலியோனை நோக்கிப் போக வேண்டும். வரைபடம் காட்டிய வழியில் சைக்கிள் பாதையே இல்லை. வெறும் சாலை. அறுவடைக் காலம் வேறு, திராட்சை ஏற்றிய டிராக்டர்கள், லாரிகள், அவற்றை முந்திக்கொண்டு பறக்கும் கார்கள். பதினெட்டாவது கிலோமீட்டரில் அப்பாவின் சைக்கிள் பேட்டரி செத்துவிட்டது. இருபத்தைந்து கிலோ இருக்கும் அந்த வண்டி, பேட்டரி இல்லாமல் மேட்டில் மிதிக்க முடியுமா? ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது இங்கே சட்டம். ஒரு டேங்கர் லாரி கை நீட்டினால் தொடும் தூரத்தில் போனது. அப்பா ஓரத்துக்கு ஒடித்தார், பிரேக் பிடிக்கவில்லை, வாய்க்காலுக்குள் விழுந்தார். முழங்காலும் உள்ளங்கையும் கிழிந்து ரத்தம். நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

24 மணி நேர உதவி என்று கொடுத்திருந்த எண் பதிவுக்குரலுக்குப் போனது. ஏழு தடவை. அந்த வழியாக வந்த ஒரு தோட்டக்கார அம்மா வேனை நிறுத்தி, காயத்தைக் கழுவி, சைக்கிள்களைத் தன் கொட்டகையில் வைத்துக்கொண்டு, எங்களை லிபூர்ன் ரயில் நிலையத்தில் விட்டார். பெட்ரோலுக்குக் காசு நீட்டினேன், வாங்கவில்லை. கம்பெனியிலிருந்து ஐந்து மணி நேரம் கழித்து போன் வந்தது. "இன்று ஞாயிறு, நாளை பார்க்கிறோம்."

கடற்கரைப் பகுதியை எங்கள் சொந்தக் காசில் பார்த்தோம். ரயிலில் ஆர்க்கஷோன் போனோம். பிலா மணல்மேடு நூறு மீட்டருக்கு மேல் உயரம், அதன் உச்சியிலிருந்து ஒரு பக்கம் பைன் காடும் இன்னொரு பக்கம் அட்லாண்டிக்கும் தெரியும் என்று அப்பாவிடம் ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தேன். கட்டுப்போட்ட முழங்காலோடு அவரால் ஏற முடியவில்லை. கீழே நிழலில் உட்கார்ந்துகொண்டு எங்களை மட்டும் போகச் சொன்னார். நாங்களும் போகவில்லை.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். முதல் மின்னஞ்சலுக்கு, உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், சைக்கிள் கொடுத்தது எங்கள் கூட்டாளி நிறுவனம், அவர்களிடம் கேளுங்கள் என்று பதில். கூட்டாளியிடம் கேட்டால், சைக்கிள் நல்ல நிலையில் இருந்தது என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று அந்த டேப்லெட் கையெழுத்தை அனுப்பினார்கள். மறுபடி இவர்களிடம் வந்தால், பயணத்தைப் பாதியில் விட்டது உங்கள் முடிவு என்றார்கள். நான் விடவில்லை. அப்புறம் 150 யூரோவுக்கு வவுச்சர், ஒரு வருடத்துக்குள் அவர்களிடமே இன்னொரு பயணம் போனால் கழித்துக்கொள்ளலாமாம். 2,340 யூரோவுக்கு 150 யூரோ வவுச்சர்! அந்தப் பெண் பெயரைச் சொல்லிக் கேட்டேன், அவர் இப்போது வேறு பிரிவில் இருக்கிறாராம்.

இன்று காலை வந்ததுதான் எல்லாவற்றையும் விட மோசம். தலைப்பு எப்படி இருந்தாலும், விவரப்பக்கத்தில் "வெலோருத்" என்றுதான் எழுதியிருக்கிறோம் என்கிறார்கள். போய்ப் பார்த்தேன், ஆமாம், கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. இங்கே இரண்டு சொல் உண்டு. "வுவா வெர்த்" என்றால் மோட்டார் வண்டி நுழையக் கூடாத தனிப்பாதை. "வெலோருத்" என்றால் பலகை வைத்த சைக்கிள் வழி, அதில் சாதாரணச் சாலையும் கலந்து வரலாம். எனக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அவர்களுக்குத் தெரியும். அதே மின்னஞ்சலில், கொட்டகையிலிருந்து சைக்கிள்களை எடுத்துவந்ததற்கு 90 யூரோ கட்டச் சொல்லி பில் வைத்திருக்கிறார்கள்.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர் வுவா வெர்த் என்று எழுத்தில் கேளுங்கள், போனில் சொல்வதை நம்பாதீர்கள். பயணத் தொகுப்பு விற்பவர் அரசுப் பதிவேட்டில் இருக்கிறாரா என்று அத்து பிரான்ஸ் என்ற அரசுச் சுற்றுலா அமைப்பின் தளத்தில் பாருங்கள். கார்டில் கட்டுங்கள், வங்கிப் பரிமாற்றம் வேண்டவே வேண்டாம், அனுப்பினால் போனதுதான். பிரேக் பிடித்துப் பார்த்து, போட்டோ எடுத்த பிறகு கையெழுத்து. மாத்திரை உங்கள் கைப்பையில்.

தொகுப்பாக விற்றவர், சேவையை வேறு யார் செய்தாலும், தானே பொறுப்பு என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு இன்று மதியம் பதிவுத்தபால் அனுப்பிவிட்டேன். பதில் சரியில்லை என்றால் சுற்றுலா மத்தியஸ்தரிடம் போவேன். அரசின் நுகர்வோர் புகார்த் தளமான சிக்னல்கோன்சோவிலும் புகார் போட்டாயிற்று. அப்பா அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறார். "விடும்மா, பாதை நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறார். தபால் ரசீதை பிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். பணம் வந்தாலும் வராவிட்டாலும் இங்கே வந்து சொல்கிறேன்.