கணக்கை வெளிய குடுக்கலாமா? எங்க புக்கீப்பிங் சர்வீஸ் பத்தி ஒரு முழு ரிவ்யூ

எங்களோடது சின்ன கம்பெனி, ஓனர் கம்பெனி வேற நாட்டுல. கணக்குக்குன்னு தனியா ஒரு டிபார்ட்மென்ட் வைக்கிற அளவுக்கு வேலை கிடையாது, அதுக்காக யாரோ ஒருத்தர் நேரம் கிடைக்கும்போது எக்செல்ல எழுதி வச்சா போதும்னு விடவும் முடியாது, ஏன்னா மாசாமாசம் ஹெட் ஆபீஸுக்கு ரிப்போர்ட் போகணும், வருஷ கடைசியில ஆடிட் இருக்கு, நடுவுல வரி, சம்பளம், ரிட்டர்ன் எல்லாம் தனித்தனி கெடுவோட வந்து நிக்கும். அதனால புக்கீப்பிங், மாச க்ளோசிங், சம்பளக் கணக்கு மூணையும் வெளிய ஒரு சர்வீஸ்கிட்ட குடுத்திருக்கோம். பேரு சொல்லல, விளம்பரம் பண்றது என் நோக்கம் இல்ல. எதை வச்சு இவங்க நல்லா பண்றாங்கன்னு நினைக்கிறேன், எங்க சொதப்புறாங்க, அதை சொன்னா இதே நிலைமையில இருக்கிறவங்களுக்கு உதவும். முடிவை முதல்லயே சொல்லிடறேன், குடுத்த காசுக்கு வொர்த்.

இவங்ககிட்ட எனக்கு ரொம்ப பிடிச்சது அவங்க கேக்குற கேள்விங்க. மாசம் முடிஞ்ச உடனே ஒரு க்வெரி லிஸ்ட் வரும், ஒவ்வொரு வரியிலயும் தேதி, தொகை, என்ன சந்தேகம்னு தெளிவா இருக்கும். "இந்த சாப்ட்வேர் சந்தா 12 மாசத்துக்கு சேத்து கட்டியிருக்கீங்க, ப்ரீபெய்டுல, அதாவது முன்கூட்டியே கட்டின செலவுல வச்சு மாசாமாசம் செலவுக்கு எடுக்கட்டுமா", "இந்த சப்ளையர் பில் ரெண்டு தடவை வந்திருக்கு, நம்பர் ஒண்ணுதான், ஒண்ணுல மட்டும் நடுவுல ஒரு கோடு போட்டிருக்காங்க, ஒரே பில் தானா", "டைரக்டர் கார்டுல ஒரு ஹோட்டல் செலவு இருக்கு, கம்பெனி செலவா இல்ல அவர் கணக்குல எழுதணுமா" இப்படி. அந்த கோடு போட்ட பில்லை எங்க சாப்ட்வேர் பிடிக்கல, அதுக்கு ரெண்டும் வேற வேற நம்பர், மனுஷன் உக்காந்து பாத்துதான் மாட்டுச்சு, அதை கண்டுபிடிக்கலன்னா பணம் ரெண்டு தடவை போயிருக்கும். கேள்வியே கேக்காம மாசம் முடிஞ்சதும் பிஎல் (லாப நஷ்டக் கணக்கு) அனுப்பிடற சர்வீஸ நான் நம்பவே மாட்டேன், எந்த கம்பெனியிலயும் எந்த மாசமும் பில் எல்லாம் அவ்ளோ சுத்தமா இருக்காது.

முன்னாடி ஹெட் ஆபீஸ்காரங்களே பிடிச்சு குடுத்த வேற ஒரு சர்வீஸ் இருந்தது, ஒரு என்ட்ரிக்கு இவ்வளவுன்னு ரேட். அவங்க கேள்வியே கேக்கல, புரியாததெல்லாம் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்ல, அதாவது எதுல சேக்கணும்னு தெரியாததை தற்காலிகமா வைக்கிற கணக்குல போட்டுட்டு போயிட்டே இருந்தாங்க. ட்ரையல் பேலன்ஸ் (எல்லா கணக்கோட டெபிட், க்ரெடிட் மீதிகளோட பட்டியல்) டாலி ஆகும், பாக்க அழகா இருக்கும், ஆனா டெபிட்டும் க்ரெடிட்டும் சமமா இருக்குங்கிறதால மட்டும் கணக்கு சரின்னு ஆயிடாது, செலவு தப்பான தலைப்புல இருந்தாலும் டாலி ஆகும், பில்லே விட்டுப்போனாலும் டாலி ஆகும். வருஷ கடைசியில ஆடிட்டர் வந்து சஸ்பென்ஸ்ல என்ன இருக்குன்னு கேட்டப்போ அவங்ககிட்ட பதில் இல்ல. என்ட்ரிக்கு இவ்வளவுன்னு ரேட் போட்டா என்ட்ரி எண்ணிக்கைதான் வரும், யோசிக்கிறதுக்கு யாரும் காசு குடுக்கலையே.

இப்போ இருக்கிறவங்க பேலன்ஸ் ஷீட்ல (கம்பெனியோட சொத்து, கடன் பட்டியல்) இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி ஒரு ஆதாரம் வச்சிருக்காங்க. பேங்க்குக்கு ரீகன்சிலியேஷன் (நம்ம கணக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஒத்துப்போகுதான்னு பாக்கறது), பாக்கிகளுக்கு எது எத்தனை நாளா நிக்குதுன்னு ஒரு லிஸ்ட், ப்ரொவிஷனுக்கு, அதாவது பில் வரும் முன்னாடி ஒதுக்கி வச்ச செலவுக்கு, எது ரிவர்ஸ் ஆகணும்னு ஒரு ஷீட். நிறைய பேர் பிஎல் மட்டும் பாத்துட்டு லாபம் வந்திருக்குன்னு மூடிடறாங்க. தப்பு ஒளிஞ்சிருக்கிறது பெரும்பாலும் பேலன்ஸ் ஷீட்லதாங்க, செலவுக்கு போயிருக்க வேண்டியது அங்க அட்வான்ஸுங்கிற பேர்ல தூங்கிட்டு இருக்கும், லாபம் இருக்கிறதவிட அதிகமா தெரியும்.

இப்போ வெளிநாட்டு ஓனர் இருக்கிறவங்களுக்கு மட்டும் வர்ற விஷயம், இதுக்காகத்தான் இந்த ரிவ்யூவே எழுத ஆரம்பிச்சேன். இங்க இருக்கிற சட்டப்படி ஒரு கணக்கு, ஹெட் ஆபீஸ் க்ரூப் ரிப்போர்ட்டுக்கு இன்னொரு வடிவம், ரெண்டும் ஒரே லெட்ஜர்ல (பேரேடு) இருந்து வரணும். இவங்க ஆரம்பத்துலயே நம்ம அக்கவுன்ட் லிஸ்ட்டுக்கும் ஹெட் ஆபீஸ் லிஸ்ட்டுக்கும் நடுவுல ஒரு மேப்பிங் போட்டு ரெண்டு பக்கமும் ஒத்துக்க வச்சுட்டாங்க, அதனால மாச கடைசியில கையால எடுத்து மாத்தி எழுதுற வேலையே இல்ல. வாடகை, லீஸ் மாதிரி விஷயத்துல வித்தியாசம் பெருசா வரும், ஹெட் ஆபீஸ் முழு ஐஎஃப்ஆர்எஸ் (சர்வதேச கணக்கு விதிகள்) போடுறவங்களா இருந்தா ஐஎஃப்ஆர்எஸ் 16 படி பெரும்பாலான லீஸ் பேலன்ஸ் ஷீட்டுக்குள்ள வந்துடும், சின்ன கம்பெனிக்கான ஐஎஃப்ஆர்எஸ்ல அப்படி கிடையாது, ஆபரேட்டிங் லீஸ்னா வாடகையை செலவா எழுதிட்டு போகலாம். இந்த வித்தியாசம் தெரிஞ்ச ஆள்தானான்னு சேரும்போதே கேட்டுப் பாத்துடுங்க.

அடுத்து கரன்சி. ஹெட் ஆபீஸ் குடுத்த கடன் அவங்க கரன்சில இருந்தா மாச கடைசி ரேட்ல திரும்ப மதிப்பு போடணும், அந்த வித்தியாசம் பிஎல்ல வரும். ஆனா அதே கரன்சில காசு குடுத்து வாங்குன மெஷினுக்கு அப்படி பண்ணக்கூடாது, வாங்குன அன்னைக்கு ரேட்டே நிக்கும், கரன்சி பத்தின சர்வதேச கணக்கு விதி ஐஏஎஸ் 21 சொல்றது இதுதான். பழைய சர்வீஸ் மெஷினையும் சேத்து மாசாமாசம் ரேட் மாத்திட்டு இருந்தாங்க, தேய்மானமும் அதோட ஆடிட்டே இருந்தது, அதை சரி பண்ண புது ஆளுங்களுக்கு ஏகப்பட்ட வேலை.

ஹெட் ஆபீஸ்ல இருந்து வர்ற பணம் என்ன பணம்ங்கிறதும் ரொம்ப முக்கியம். பங்கு முதலா, கடனா, செஞ்ச வேலைக்கான ஃபீஸா? பேங்க் ஸ்டேட்மென்ட்ல மூணும் ஒரே மாதிரி ஒரு வரியாத்தான் தெரியும், கணக்குலயும் வரியிலயும் மூணும் மூணு விதம். கடன்னா வட்டி, ஒப்பந்தம், திருப்பி அனுப்புறப்போ விதிமுறைன்னு ஒரு வரிசையே இருக்கு, பங்கு முதலா வந்ததை வருமானம்னு எழுதிட்டா இல்லாத லாபத்துக்கு வரி கட்ட வேண்டியிருக்கும், முதலுக்கே மோசம். இவங்க ஒவ்வொரு தடவையும் போர்டு ரெசல்யூஷனோ ஒப்பந்தமோ கேட்டு வாங்கிட்டுதான் என்ட்ரி போடுறாங்க. அதே மாதிரி மேனேஜ்மென்ட் ஃபீ இன்வாய்ஸ் வந்தா என்ன வேலைக்கு, எப்படி கணக்கு போட்டாங்க, மார்க்அப் (செலவுக்கு மேல சேக்குற லாபம்) எவ்வளவுன்னு கேக்கறாங்க. ஓஇசிடிங்கிற சர்வதேச அமைப்போட வழிகாட்டுதல்ல, ஒரே க்ரூப் கம்பெனிகளுக்குள்ள நடக்குற பெரிய மதிப்பு சேக்காத ஆதரவு வேலைகளுக்கு செலவு மேல 5 சதவீதம்னு ஒரு எளிய முறை இருக்கு, எல்லா நாடும் அப்படியே ஏத்துக்காது, ஆனா பேச்சை ஆரம்பிக்க ஒரு அளவுகோல் கிடைக்குதே. அந்த ஃபீ அனுப்பும்போது வரி பிடிக்கணுமான்னும் இவங்களே ஞாபகப்படுத்திடறாங்க.

குறை இல்லாம இல்ல. நம்ம ஃபைலை பாக்குற ஆள் மாறிட்டா ஒரு மாசம் முழுக்க பழைய கேள்வி எல்லாத்துக்கும் திரும்ப பதில் சொல்லணும், ஹேண்ட்ஓவர் நோட்டு இருக்குன்னு சொல்றாங்க, ஆனா புது ஆள் அதை படிச்ச மாதிரி தெரியல, இது எனக்கு உண்மையிலேயே கோபம் வர்ற விஷயம். ரெண்டாவது, ஸ்கோப்புக்கு (ஒத்துக்கிட்ட வேலைக்கு) வெளியன்னு தனி பில். ஆடிட்டர் கேக்குற ஷெட்யூல் தயார் பண்றது, போன வருஷ கணக்கை திருத்துறது எல்லாம் எக்ஸ்ட்ரா. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எது உள்ள, எது வெளியன்னு வரி வரியா எழுதி வாங்கலன்னா மாச கட்டணம் கம்மின்னு நினைச்சது வருஷ கடைசியில கம்மியா இருக்காது.

பாதுகாப்பு விஷயத்துல நாங்க கறாரா இருக்கோம். பேங்க்ல அவங்களுக்கு பாக்குற அனுமதியும் பேமென்ட் லிஸ்ட் தயார் பண்ணி ஏத்துற அனுமதியும் மட்டும்தான், அப்ரூவ் பண்றது நம்ம ஆள். சப்ளையர் பேங்க் நம்பர் மாறிடுச்சுன்னு மெயில் வந்தா, அந்த மெயில்ல இருக்கிற நம்பருக்கு இல்ல, ஏற்கனவே நம்மகிட்ட இருக்கிற நம்பருக்கு போன் பண்ணி கேட்டுட்டுதான் மாத்தணும்னு எழுதி வச்சிருக்கோம். சான்றிதழ் கேட்டா நிறைய பேர் எஸ்ஓசி 2ங்கிற, வெளி ஆடிட்டர் சர்வீஸோட கட்டுப்பாடுகளை சோதிச்சு குடுக்குற ரிப்போர்ட்டை நீட்டுவாங்க, அது முக்கியமா டேட்டா பாதுகாப்பு பத்தினது. கணக்கு தப்பில்லாம வர கட்டுப்பாடு இருக்கான்னு பாக்க எஸ்ஓசி 1 இல்லன்னா அதே மாதிரி சர்வதேச ரிப்போர்ட்டான ஐஎஸ்ஏஇ 3402 கேளுங்க, அதுலயும் டைப் 2, டைப் 1ங்கிறது ஒரு தேதிக்கு கட்டுப்பாட்டோட வடிவம் சரியா இருக்கான்னு மட்டும்தான் சொல்லும், டைப் 2ல ஒரு காலம் முழுக்க அது வேலை செஞ்சுதான்னு சோதிச்சிருப்பாங்க. சின்ன சர்வீஸ்கிட்ட இது எதுவும் இல்லாம இருக்கலாம், அப்போ யாருக்கு என்ன அனுமதி இருக்குன்னு நீங்களே உக்காந்து பாக்கணும்.

இன்னொண்ணு, ஆடிட் பண்றவங்ககிட்டயே கணக்கு எழுதற வேலையையும் குடுத்துடலாம்னு சிலர் கேக்கறாங்க. தான் எழுதினதை தானே சரிபாக்கறது சுதந்திரமான ஆடிட் ஆகாது, அதனாலதான் ஆடிட்டர்களுக்கான சர்வதேச நெறிமுறையிலயே இதுக்கு கடுமையான கட்டுப்பாடு இருக்கு. வெளிய குடுத்தாச்சுன்னு டைரக்டர்ஸ் கை கழுவவும் முடியாது, ரிட்டர்ன் லேட்டானா நோட்டீஸ் வர்றது கம்பெனி பேருக்குத்தான்.

தினமும் நிறைய ஸ்டாக் உள்ள வெளிய போற தொழில், ரொக்கமா புழங்குற தொழில், இவங்களுக்கு இது முழுசா செட் ஆகாது, பக்கத்துல ஒரு ஆள் இருந்தே ஆகணும், க்ளோசிங் வேலைய மட்டும் வேணா வெளிய குடுக்கலாம். எங்களை மாதிரி பில் எல்லாம் மெயில்லயே வர்ற, பேங்க் வழியாவே போற கம்பெனிக்கு தாராளமா குடுக்கலாம்.

சாப்ட்வேர் சந்தா மட்டும் உங்க பேர்லயே இருக்கட்டும், அட்மின் உரிமையும் உங்ககிட்டயே. பழைய சர்வீஸ்ல லெட்ஜர் அவங்க லைசென்ஸ்ல இருந்ததால விலகி வரும்போது எங்களுக்கு கிடைச்சது பிடிஎஃப் கட்டுதான், ஓப்பனிங் பேலன்ஸ்ல இருந்து எல்லாத்தையும் திரும்ப ஏத்தினோம். இந்த தடவை ஒப்பந்தத்துலயே, விலகினா முழு லெட்ஜரும் இணைப்பு பில்லோட குடுக்கணும், பாதியில நிக்கிற ரிட்டர்ன யார் முடிக்கணும்னு எழுதியாச்சு. அடுத்த வருஷத்துக்கும் இவங்களையே ரின்யூ பண்ணியிருக்கோம், ஆடிட் ஷெட்யூலும் ஃபிக்ஸட் அசெட் ரிஜிஸ்டரும் (மெஷின் மாதிரி நிலையான சொத்துக்களோட பதிவேடு) மாச கட்டணத்துக்குள்ளயே வரும்னு எழுதி வாங்கிட்டுதான்.