க்ராஷைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அப்டேட்டைத்தான் முடியவில்லை

நான் பாட்டு ரெக்கார்ட் செய்து, எடிட் செய்து, மிக்ஸ் செய்கிற மென்பொருள் எது என்று சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னதும் ‘எனக்கு ஒருநாளும் இப்படி ஆனதில்லையே’ என்று ஒரு கூட்டம் கிளம்பும், ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று இன்னொரு கூட்டம் கிளம்பும். பேச்சு அதோடு திசைமாறிப் போய்விடும். பல வருடங்களாக என் பாட்டு வேலை முழுக்க இந்த ஒன்றில்தான் ஓடுகிறது. இதன் மிடி எடிட்டருக்கு (எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பைத் திருத்தும் இடம்) பழகிய கை வேறு எதிலும் நிம்மதியாக உட்கார மாட்டேன் என்கிறது. விட்டுப் போகிற எண்ணம் இல்லை. புலம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

எல்லோரும் திட்டுவது க்ராஷைத்தான். எனக்கு அதன் மேல் இப்போது பெரிய கோபம் இல்லை, ஏனென்றால் உள்ளே நடப்பதை யோசித்தால் இது ஓடுவதே அதிசயம். ஒலியை நொடிக்கு 48,000 சாம்பிளாக (48 கிலோஹெர்ட்ஸ்) வெட்டி, ஒருமுறைக்குக் கொடுக்கும் துண்டை, அதாவது பஃபரை, 128 சாம்பிளுக்கு வைத்தால், அடுத்த துண்டு ஒலியைக் கணக்குப் போட்டுக் கொடுக்க மென்பொருளுக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 2.67 மில்லிசெகண்ட். அதற்குள் எல்லா ட்ராக்கிலும் இருக்கிற எல்லா ப்ளக்-இன்னும் (மென்பொருளுக்குள் செருகும் எஃபெக்ட்டோ வாத்தியமோ) வேலையை முடித்திருக்க வேண்டும். தவறினால் காதில் ‘டப்’ என்று ஒரு சத்தம். அந்த ப்ளக்-இன்களை எழுதியது வெவ்வேறு கம்பெனிகள், வெவ்வேறு காலங்களில். இவை பொதுவாக மென்பொருளின் அதே ப்ராசஸுக்குள்தான் ஓடுகின்றன. ஏதோ ஒன்று தனக்குச் சொந்தமில்லாத மெமரியில் கை வைத்தால் மொத்தமும் சாய்ந்துவிடும். பிட்விக், ரீப்பர் போன்ற இசை மென்பொருள்களில் ப்ளக்-இன்னைத் தனி ப்ராசஸில் ஓட்டும் வசதி உண்டு. அது செத்தால் அது மட்டும் போகும், ப்ராஜெக்ட் பிழைக்கும். நான் வைத்திருப்பதில் அந்த வசதி இல்லை. அது இருந்திருந்தாலும் மெமரியும் சிபியுவும் கொஞ்சம் கூடுதலாகத்தான் தின்னும், அதையும் சொல்ல வேண்டும்.

க்ராஷ் ரிப்போர்ட் கிடைத்தால் அதைத் திறந்து, விழுந்த த்ரெட்டில் எந்த மாட்யூலின் பெயர் வருகிறது என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பல நேரம் ஏதாவது ஒரு ரிவெர்ப் ப்ளக்-இன், இல்லாவிட்டால் ஆடியோ இன்டர்ஃபேஸின் ட்ரைவர். அப்படியானால் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. ப்ராஜெக்ட்டை மூடும்போது விழுகிற க்ராஷ் மட்டும் சுத்தமாக இந்த மென்பொருளை எழுதியவர்களுடையது. பதிப்பு பதிப்பாக அப்படியே இருக்கிறது. சேவ் ஆன பிறகு விழுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. அதனால்தானோ என்னவோ யாரும் அதைத் தொடுவதில்லை.

எப்படிப் பார்த்தாலும் க்ராஷ் நேர்மையானது. நடந்தால் நடந்தது என்று தெரிந்துவிடும். ஆட்டோசேவ் இருக்கிறது, நம்பரை ஏற்றி ஏற்றிப் புதுப் பெயரில் சேவ் செய்கிற பழக்கம் இருக்கிறது, மிஞ்சிப் போனால் கொஞ்ச நேர வேலை போகும். அப்டேட் செய்கிற வேலை அப்படி இல்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோல் திறக்கும், ஓடும். ஏதோ ஒன்று மாறியிருக்கும்.

ஒருமுறை பழைய பாட்டு ஒன்றில் குரலை மட்டும் ஏற்றித் திரும்ப ரெண்டர் செய்து, அதாவது முழுப் பாட்டையும் ஒரே ஒலி ஃபைலாக எடுத்து, தரச் சொன்னார்கள். இடையில் ஒரு பெரிய பதிப்பு மாறியிருந்தது. ப்ராஜெக்ட் திறந்தது, எரர் எதுவும் வரவில்லை. கேட்டால் பாட்டு லேசாகத் தளர்ந்திருந்தது. கிக்கும் பேஸும் முன்பு ஒன்றாக இறங்கிய இடத்தில் இப்போது கொஞ்சம் விலகி இறங்கின. என் காதில்தான் கோளாறோ என்று நல் டெஸ்ட் போட்டேன். தெரியாதவர்களுக்காக: பழைய ரெண்டரையும் புதிய ரெண்டரையும் இரண்டு ட்ராக்கில் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சாம்பிள் பிசகாமல் அடுக்கி, ஒன்றின் ஃபேஸை, அதாவது ஒலி அலையைத் தலைகீழாக்கி, சேர்த்து ஓட்ட வேண்டும். இரண்டும் ஒன்றேயென்றால் மயான அமைதி. மிச்சம் கேட்பதுதான் வித்தியாசம். இங்கே குரல் இல்லாத ரெண்டர்களை ஒப்பிட்ட பிறகும் கிக்கின் ‘டிக்’ முழுசாக மிஞ்சியது. (கோரஸ், ஃப்ளாஞ்சர் மாதிரி ஒவ்வொரு ரெண்டருக்கும் வேறு இடத்திலிருந்து சுழல ஆரம்பிக்கும் எஃபெக்ட் இருந்தால் எப்படியும் மிச்சம் கேட்கும், அதை முதலில் அணைத்துவிட வேண்டும்.) காரணம், சைட்செயின் (ஒரு ட்ராக் இன்னொன்றின் எஃபெக்ட்டை இயக்கும் இணைப்பு) போகிற பஸ்ஸில் டிலே காம்பென்சேஷனை, அதாவது ப்ளக்-இன்களால் வரும் தாமதத்தை ஈடுகட்டுவதை, கணக்கிடும் முறையைப் புதிய பதிப்பில் ‘சரி’ செய்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் நான் மிக்ஸ் செய்தது பழைய தப்புக் கணக்கைக் காதால் கேட்டு, அதற்கு ஏற்றபடி. ரிலீஸ் நோட்ஸில் இருந்தது ஒரே வரி: ‘ஸ்திரத்தன்மையும் செயல்திறனும் மேம்படுத்தப்பட்டுள்ளன.’

இந்த வரியை எழுதுபவர் யார் என்று தெரிந்தால் தேவலை.

சத்தமில்லாமல் மாறும் இன்னொரு இடம் ஆட்டோமேஷன், அதாவது பாட்டு ஓடும்போது திருகுகள் தானாக நகரும்படி நாம் வரைந்து வைக்கும் கோடு. விஎஸ்டி2 என்ற பழைய ப்ளக்-இன் வடிவத்தில் ஒவ்வொரு திருகும் வரிசை எண்ணால்தான் அடையாளம் காணப்படுகிறது. ப்ளக்-இன் எழுதியவர் அடுத்த அப்டேட்டில் புது திருகு ஒன்றை வரிசையின் நடுவே நுழைத்துவிட்டால், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் ஒரு இடம் தள்ளிப் போகும். ஃபில்டரைத் திறக்க நான் வரைந்த கோடு போய் ரெசொனன்ஸைத் திருகும். அடுத்த வடிவமான விஎஸ்டி3-இல் ஒவ்வொன்றுக்கும் நிலையான அடையாள எண் உண்டு, அந்த வகையில் நல்லது. ஆனால் விஎஸ்டி2-விலிருந்து அதற்குத் தாவுவதே தனிப் பாடு. ஒரே ப்ளக்-இன்னின் இரண்டு வடிவங்களையும், அதை எழுதியவர் வழி செய்து வைத்திருந்தாலொழிய, மென்பொருள் சம்பந்தமில்லாத இரண்டு பொருளாகத்தான் பார்க்கிறது. இந்த வடிவங்களை உருவாக்கிய ஸ்டைன்பெர்க் கம்பெனி 2018-லேயே விஎஸ்டி2-க்குப் புதிய உரிமம் தருவதை நிறுத்தியது. தன் மென்பொருள்களில் அதற்கான ஆதரவையும் விலக்கிக்கொள்வதாக 2022-இல் அறிவித்தது. 1996-இல் ப்ளக்-இன் என்ற உலகத்தையே திறந்துவிட்ட வடிவத்தின் வழித்தோன்றல் அது. என் பழைய ப்ராஜெக்ட்களில் பாதி இன்னும் அதில்தான் தொங்குகின்றன.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் தன் பங்குக்குத் தள்ளிவிடும். 2019-இல் மேக்ஓஎஸ் கேட்டலினா வந்தபோது 32-பிட் ப்ரோக்ராம்கள் அனைத்தும் ஒரே நாளில் பிணமாயின. அடுத்த ஆண்டு ஆப்பிளின் சொந்த எம்1 சிப். இன்டெல் சிப்புக்கு எழுதியதை அதில் ஓட்டித் தரும் ரொசெட்டா 2 இருந்ததால் உடனே எதுவும் சாகவில்லை, உண்மைதான். ஆனால் இன்டெலுக்கு எழுதிய ஒரே ஒரு ப்ளக்-இன்னுக்காக மொத்த மென்பொருளையும் ரொசெட்டாவில் ஓட்ட வேண்டிய நிலை பலருக்கும் வந்தது. விண்டோஸ் பக்கம் பழையதை இவ்வளவு கொடூரமாக வெட்டுவதில்லை. அங்கே ட்ரைவர் அப்டேட் ஒன்று இரவோடு இரவாக வந்து காலையில் லேட்டன்சியை (ஒலி வரும் தாமதத்தை) ஏற்றிவிட்டுப் போயிருக்கும்.

லைசன்ஸ் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை, கம்பெனி கைவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன். சோனார் என்ற இசை மென்பொருளின் உருவாக்கத்தை, அதை வைத்திருந்த கிப்சன் கம்பெனி 2017 நவம்பரில் நிறுத்தியபோது அதில் வருடக்கணக்கான வேலையை வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அடுத்த பிப்ரவரியில் பேண்ட்லேப் என்ற கம்பெனி அதை எடுத்துக்கொண்டது அவர்கள் அதிர்ஷ்டம். எல்லா மென்பொருளுக்கும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று எழுதி வைத்திருக்கவில்லை.

ப்ராஜெக்ட் ஃபைல் ஒருவழிப் பாதை என்பது எனக்கு இருக்கிற அடுத்த மனக்குறை. புதிய பதிப்பில் சேவ் செய்துவிட்டால் பழையதில் திறக்காது, அல்லது பாதியைத் தொலைத்துவிட்டுத் திறக்கும். கூட வேலை செய்பவர் ஒரு பதிப்பு பின்னால் இருந்தால், ஒன்று அவர் மேலே வர வேண்டும், இல்லை நான் ஸ்டெம் (ட்ராக் ட்ராக்காக எடுத்த ஒலி ஃபைல்) எடுத்து அனுப்ப வேண்டும். வேறு வேறு மென்பொருள்களுக்கு நடுவே பரிமாறிக்கொள்ள டாப்ராஜெக்ட் என்ற திறந்த வடிவத்தை பிட்விக், ப்ரீசோனஸ் கம்பெனிகள் 2023-இல் கொண்டுவந்தன. என்னுடையது அந்தப் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் எங்கும் செல்லுபடியாவது இரண்டுதான்: வேவ் ஃபைலும் மிடி ஃபைலும். மிடி 1983-இல் வந்தது. பழசு என்று இன்னும் யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை.

ஆகவே இப்போது வேலை செய்கிற முறை மாறிவிட்டது. ஒரு பாட்டு ஒப்படைத்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் எஃபெக்ட்டோடு ஒருமுறை, எஃபெக்ட் இல்லாமல் ஒருமுறை என முதல் பாரிலிருந்து கடைசி வரை வேவாக எடுத்து, டெம்போ மேப்போடு மிடியும் சேர்த்து, ப்ராஜெக்ட் பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன். அந்த நேரத்தில் இருந்த மென்பொருள் இன்ஸ்டாலர், ப்ளக்-இன் இன்ஸ்டாலர் எல்லாம் தனி ட்ரைவில். கம்பெனி தளத்தில் பழைய பதிப்பு எப்போதும் கிடைக்கும் என்று நம்புவதில்லை. தானாக அப்டேட் ஆகிற வசதி எல்லாவற்றிலும் அணைந்திருக்கிறது. பெரிய பதிப்பு வந்தால் பழையதன் மேல் போடாமல் இணையாகப் போட்டு, முடிந்துபோன பாட்டு ஒன்றைப் பிரதி எடுத்துத் திறந்து நல் டெஸ்ட் போடுவேன். மிச்சம் கேட்டால் பாதியில் இருக்கும் பாட்டு எதையும் அதில் திறப்பதில்லை. முதல் .0 பதிப்பைத் தொடுவதே இல்லை. அதற்குள் அவசரக்காரர்கள் போய் அடிபட்டு வந்து சொல்லிவிடுவார்கள், அவர்கள் நல்லா இருக்கட்டும்.

இதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டில் உட்கார்ந்து பாட்டு கட்டுபவர் என்றால் தாராளமாக வாங்கலாம். மிடி, ஆடியோ வார்ப்பிங் (ஒலியை இழுத்துத் தாளத்தில் உட்கார வைப்பது), குரல் எடிட்டிங் மூன்றிலும் எனக்கு இதைவிட வசதியானது கிடைக்கவில்லை, சமீபத்திய பதிப்பில் பெரிய ப்ராஜெக்ட் திறக்கிற நேரமும் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருக்கிறது. மேடையில் ஓட்டுவதற்கென்றால் வேண்டாம். பழைய வேலையை அடிக்கடி திரும்பத் திறக்க வேண்டிய விளம்பரம், பின்னணி இசை மாதிரி தொழில் என்றால், வாங்குவதற்கு முன் அவர்களிடம் ஒன்றை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: இன்றைய பதிப்பின் இன்ஸ்டாலரும் அதை ஆக்டிவேட் செய்கிற வசதியும் எத்தனை வருடம் இருக்கும் என்று. நான் கேட்டிருக்கிறேன். பதிலுக்கு, புதிய பதிப்புக்கு மாறினால் தள்ளுபடி உண்டு என்று ஒரு மெயில் வந்தது.