பெரணி பார்க்க ஒரு பத்து மடங்குக் கைலென்ஸ்

கொடைக்கானலின் சோலைக்காடுகளில் பெரணிகளை இனம்காண்பதற்காக, மூன்று வில்லைகளை ஒட்டிச் செய்த, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 21 மி.மீ. கைலென்ஸ் ஒன்றைச் சென்ற ஆண்டு 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் இதை எழுதுகிறேன்.

சோலையில் பாசி படர்ந்த அடிமரங்களில், பிளவுபடாத ஈட்டி வடிவ இலைகளும் அவற்றின் அடிப்பக்கத்தில் இரு வரிசையாகப் பழுப்புப் பொட்டுகளும் கொண்ட சிறு பெரணிகளைக் காணலாம். அவை லெபிசோரஸ் நூடஸா, பிளியோபெல்டிஸ் மேக்ரோகார்பாவா என்பதை வெறும் கண்ணால் பார்த்து முடிவுசெய்ய என்னால் இயன்றதே இல்லை. இரண்டும் பாலிபோடியேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. முதலாவதற்கு ஹூக்கர் இட்ட பெயரே பிளியோபெல்டிஸ் நூடா என்பதுதான், பின்னர் சிங் என்ற சீனத் தாவரவியலாளர் அதை லெபிசோரஸ் பேரினத்துக்கு மாற்றினார். இளம் சோரஸின், அதாவது பழுப்புப் பொட்டாகத் தெரியும் வித்துப்பைக் கொத்தின், மேல் குடைபோல் கவிந்திருக்கும் நுண்செதில்கள் இரண்டிலும் உண்டு என்பதால் அவை இங்கே உதவுவதில்லை. வேறுபாடு இலைப்பரப்பில் இருக்கிறது. பிளியோபெல்டிஸின் முற்றிய இலையிலும் நடுவில் கருமையும் ஓரத்தில் வெளிறிய கிழிசலுமாக வட்டச் செதில்கள் அங்கங்கே ஒட்டியிருக்க, லெபிசோரஸின் முற்றிய இலை ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். இந்த லென்ஸில் அந்தச் செதிலின் கிழிந்த விளிம்பை முதன்முதலாகத் தெளிவாகக் கண்ட நாளில், பல மாதங்களாகக் குறிப்பேட்டில் கேள்விக்குறியோடு கிடந்த பதிவுகளைத் திருத்த முடிந்தது.

தரையில் வளரும் டிரையாப்டெரிஸ், பாலிஸ்டிகம் என்ற இரு பெரணிப் பேரினங்களைப் பிரிக்கவும் இதுவே போதும். சோரஸை மூடும் இண்டூசியம் என்ற மெல்லிய சவ்வு முன்னதில் சிறுநீரக வடிவில் பள்ளத்தில் பொருந்தியிருக்கும். பின்னதில் வட்டமாக, நடுவில் காம்பு கொண்டதாக இருக்கும்.

இதற்கு முன் "முப்பது மடங்கு" என்று பொறித்த மலிவான லென்ஸ் ஒன்றை வைத்திருந்தேன். அதன் உண்மையான பெருக்கம் அந்த எண்ணுக்கு அருகில்கூட இல்லை. செதில்களின் ஓரமெங்கும் நீலமும் மஞ்சளுமாக நிறம் பிரிந்து தெரிந்தது. உண்மையிலேயே முப்பது மடங்கு என்றால் பொருளிலிருந்து எட்டு மி.மீ. தொலைவில் லென்ஸைப் பிடிக்க வேண்டும், அவ்வளவு நெருக்கத்தில் வெளிச்சமும் போதாது, கையின் நடுக்கமும் பொறுக்காது. பத்து மடங்கில் ஏறத்தாழ 25 மி.மீ. இடைவெளி கிடைக்கிறது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து முகத்தை மரத்தருகே கொண்டுபோனால் இலையைக் கிள்ளாமலே பார்த்துவிடலாம். அனுமதியின்றி எதையும் பறிக்கக் கூடாத காப்புக்காட்டில் இந்த வசதியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. மூடுபனியில் கண்ணாடி அடிக்கடி மங்குவதால் பருத்தித் துணி எப்போதும் கையில் இருக்க வேண்டும். உறையை இணைக்கும் திருகு ஆறாவது மாதத்தில் தளர்ந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைத் திருகுளியால் முடுக்கிக்கொண்டேன். வித்துகளின் மேற்பரப்பைப் பார்த்தே பிரிக்க வேண்டிய இனங்களுக்கு நுண்ணோக்கி இன்றி வழியில்லை, ஆகவே அத்தகைய பதிவுகளைப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வாங்குவோர் கழுத்தில் மாட்டும் கயிற்றையும் சேர்த்தே வாங்குங்கள். சோலையின் சருகில் விழுந்த கறுப்பு உறையைத் தேடியே ஒரு பிற்பகலை இழந்திருக்கிறேன்.