கிரேக்கக் கலைப்பொருள் வாங்கியதற்குக் கணக்குச் சொன்னது யார்: லண்டனா, நியூயார்க்கா?

ஏதென்ஸின் பழங்கோயிலான பார்த்தெனானின் சிற்பங்களை பிரிட்டன் வாங்கியது 1816-ல். யூஃப்ரோனியோஸ் என்ற பழங்கால கிரேக்க ஓவியர் தீட்டிய மண்கலத்தை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வாங்கியது 1972-ல். எது ஒழுங்காக நடந்தது என்று கேட்டால் நானும் முதலில் லண்டன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஏனென்றால் அங்கே எல்லாமே வெளிப்படையாக நடந்தது. ஏதென்ஸிலிருந்து எல்ஜின் பிரபு என்ற பிரிட்டிஷ் தூதர் பெயர்த்துக் கொண்டுவந்த சிற்பங்களுக்கு மக்கள் பணத்தைக் கொடுக்கலாமா என்று பார்க்க நாடாளுமன்றம் ஒரு குழு அமைத்து, எல்ஜினையே உட்காரவைத்து யார் அனுமதித்தார்கள், எவ்வளவு செலவானது என்று கேட்டு, கடைசியில் 82-க்கு 30 என்ற வாக்கில் 35,000 பவுண்டுக்கு வாங்கியது. அவர் செலவழித்ததாகச் சொன்ன தொகையில் அது பாதிகூட இல்லை. சரி, ஆனால் அப்போது ஏதென்ஸை ஆண்ட துருக்கியர் கொடுத்ததாகச் சொன்ன அனுமதிக் கடிதத்தின் அசல் குழுவின் முன் வரவே இல்லை, மொழிபெயர்ப்பு மட்டும்தான் வந்தது. சாட்சி சொன்னவர்களில் ஒரு கிரேக்கர்கூடக் கிடையாது.

நியூயார்க்கில் இந்த அளவுக்குக்கூட விசாரணை இல்லை. சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்தார்கள், அதற்காகத் தங்களிடமிருந்த பழைய நாணயங்களை விற்றார்கள். எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, லெபனானில் ஒரு வியாபாரியின் குடும்பத்தில் இருந்தது என்று பதில் வந்தது. உண்மையில் அது இத்தாலியில் செர்வெத்தேரி பக்கம் எட்ரஸ்கன் என்ற பழங்கால மக்களின் கல்லறை ஒன்றிலிருந்து 1971-ல் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுக்கப்பட்டது. 1995-ல் ஜெனிவாவில் ஜாக்கொமோ மெதிச்சி என்ற வியாபாரியின் கிடங்கைச் சோதனை போட்டபோது சிக்கிய, திருட்டுப் பொருள்களின் போலராய்டு படங்களிலிருந்துதான் பிடி இறுகியது. 2006-ல் ஒப்பந்தம், 2008-ல் கலம் இத்தாலி திரும்பியது. அருங்காட்சியகம் தானாக முன்வந்து கொடுக்கவில்லை, கொடுக்க வைத்தார்கள்.

ஆனாலும் கொடுத்தார்களே! லண்டனில் அந்தக் கதவே சாத்தப்பட்டிருக்கிறது. ஒருசில விதிவிலக்குகள் தவிர சேகரிப்பிலிருந்து எதையும் வெளியே விடக்கூடாது என்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு 1963-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். வாங்கும்போது கேள்வி கேட்டுவிட்டு, அதற்கப்புறம் யாரும் கேட்கவே முடியாதபடி செய்வதைப் பொறுப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மூன்றாவதாக கலிஃபோர்னியாவின் கெட்டி அருங்காட்சியகம். 1.8 கோடி டாலருக்கு 1988-ல் வாங்கிய பழங்கால கிரேக்கத் தேவி சிலையை, அதுவும் திருட்டுத்தனமாகத் தோண்டியது என்ற புகாரால், 2011-ல் சிசிலிக்குத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தது, அருங்காட்சியகத்தின் காப்பாளர் மேரியன் ட்ரூ குற்றம்சாட்டப்பட்டு ரோமில் நீதிமன்றம் ஏறினார். பட்ட பிறகு, 2006-ல், 1970-க்கு முன்பே ஊரைவிட்டு வந்ததற்கோ பின்னால் முறைப்படி வெளியேறியதற்கோ ஆதாரம் இல்லாத பொருளை வாங்குவதில்லை என்று விதி வைத்தார்கள். மூன்றில் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான், ஏனென்றால் காசு கைமாறுவதற்கு முன்பே கேள்வி வந்துவிடுகிறது. ஆனால் 1816-ல் வாங்கியதை அது தொடாது.

அதற்கு வழி 1816-லேயே இருந்தது. ஹியூ ஹாமர்ஸ்லி என்ற உறுப்பினர், சிற்பங்களை ஏதென்ஸ் கேட்கும்வரை பாதுகாத்து வைத்திருந்து, கேட்டால் கொடுத்துவிடலாம் என்று அதே அவையில் முன்மொழிந்தார். தோற்கடித்துவிட்டார்கள். கிரேக்க அரசு 1983-ல் முறைப்படி கேட்டது.