கடித்துப் பார்ப்பதா, அளந்து பார்ப்பதா?

மன்னார்குடிப் பக்கம் களத்தில் நெல் வாங்கும் வியாபாரிகளில் ஒருவர் நாலு மணியைக் கடிப்பார். ‘நறுக்’கென்று உடைந்தால் நன்றாகக் காய்ந்த நெல் என்று விலை பேசிவிடுவார். இன்னொருவர் ஈரப்பதமானியில் எண்ணைப் பார்த்த பிறகே வாய் திறப்பார்.

பல்லுக்குச் செலவில்லை. என் தாத்தா அப்படித்தான் வாங்கினார். கோடை நெல்லில் அது பெரும்பாலும் தப்பாது. மழையில் அறுத்த குறுவைதான் காலை வாரும். ஒருமுறை ஈரப்பதம் 17 சதவீதம் இருக்கும் என்று 100 குவிண்டால் வாங்கினேன். உண்மையில் அது 20. ஆலைக்காக 14 சதவீதத்துக்குக் காயவைத்தபோது 96.5 குவிண்டால் நிற்க வேண்டியது 93தான் நின்றது. மூன்றரை குவிண்டால் தண்ணீரை நெல் விலைக்கு வாங்கியிருக்கிறேன்! காயவைத்த கூலி தனி.

கருவியும் பொய் சொல்லும், மேல் மூட்டையில் மட்டும் மாதிரி எடுத்தால். அடி மூட்டைவரை குத்தூசி போட வேண்டும்; விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அரசுக் கொள்முதலின் வழக்கமான வரம்பு 17 சதவீதம். அதைத் தாண்டிய நெல் எங்களைப் போன்றவர்களிடம்தானே வரும்?

பல்லை நான் இன்னும் விட்டுவிடவில்லை. முதலில் கடித்து, ஓர் எண்ணை மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பிறகு கருவியைப் பார்க்கிறேன். போன வாரம் இரண்டு புள்ளி தப்பினேன்.