ஜாங்கோ மைக்ரேஷனில் ஃபீல்டு டைப் மாற்றுவது: ஏழு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

2018-ல் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். ஜாங்கோ (பைத்தானில் வெப் சாஃப்ட்வேர் எழுதும் கட்டமைப்பு), அடியில் டேட்டாபேஸாக போஸ்ட்கிரஸ். இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது, பராமரிப்பும் என் கையில்தான். இந்த ஏழு வருடத்தில் அதன் டேபிள்களில் பல ஃபீல்டுகளின் (பத்திகளின்) டைப்பை, அதாவது எழுத்தா எண்ணா என்பதை, மாற்ற வேண்டி வந்தது. டேபிளை மாற்றும் கட்டளைகள் அடங்கிய ஃபைலைத்தான் மைக்ரேஷன் என்பது. டேபிளின் வடிவத்தைக் காப்பதில் ஜாங்கோ மைக்ரேஷனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. உள்ளே கிடக்கும் டேட்டாவை மட்டும் அது எட்டிப் பார்ப்பதில்லை. அந்த வேலை நம்முடையது.

முதலில் மாற்றியது 'அளவு' ஃபீல்டு. ஆணி கிலோவில் போகும், வயர் மீட்டரில் போகும், போல்ட் டஜனில் போகும் என்பதால் ஆரம்பத்தில் அதை எழுத்தாக, அதாவது கேர்ஃபீல்டாக வைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்து ஸ்டாக் மொத்தம் கூட்டிக் காட்டச் சொன்னார்கள். மாடலில் (டேபிளை விவரிக்கும் பைத்தான் கோடில்) ஒரு வரியை டெசிமல்ஃபீல்டு, அதாவது தசம எண், என்று மாற்றி, மைக்ரேஷன் ஃபைலை எழுதித் தரும் மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையைக் கொடுத்தேன். ஆல்டர்ஃபீல்டு என்று சின்னதாக ஒரு ஃபைல் வந்தது. என் லேப்டாப்பில் ஒரு நொடியில் ஓடி முடிந்தது, ஏனென்றால் அங்கே இருந்தது நானே போட்ட சுத்தமான எண்கள்.

கடை டேட்டாவின் நகலில் ஓட்டியதும் நின்றுவிட்டது. 'இன்வேலிட் இன்புட் சின்டாக்ஸ் ஃபார் டைப் நியூமெரிக்' (இது எண் வடிவில் இல்லை), பக்கத்திலேயே குற்றவாளி: "12 நோஸ்". அதைத் திருத்தி மறுபடி ஓட்டினால் வெற்று எழுத்து. அதற்கடுத்து "1/2". அதற்கடுத்து "2 டஜன்". போஸ்ட்கிரஸ் முதல் தவறிலேயே நின்றுவிடும் என்பதால் ஓட்டத்துக்கு ஒன்றுதான் தெரியவரும். நாலாவது தடவை நிறுத்திவிட்டு, எண்ணாக மாறாத மதிப்புகளை மட்டும் எடுக்க ஒரு குவெரி எழுதினேன். 61 வகை வந்தது. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு கடையின் ஸ்டாக் பார்க்கும் அண்ணனோடு உட்கார்ந்தேன். "5-6ன்னு இருக்கே, அஞ்சா ஆறாண்ணே?" என்றேன். "அது சைஸு தம்பி, அளவே இல்ல. பையன் மாத்தி அடிச்சிருக்கான்" என்றார். இதை எந்த டூலும் நமக்குச் சொல்லாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அத்தனை முறை தோற்றும் டேபிளில் ஒரு கீறல்கூட விழவில்லை. போஸ்ட்கிரஸில் டேபிள் மாற்றமும் டிரான்சாக்ஷனுக்குள்ளேயே (முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காது என்ற தொகுப்புக்குள்) நடப்பதால், தோற்றால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லில் அப்படி இல்லை. நாலு மாற்றம் உள்ள மைக்ரேஷன் மூன்றாவதில் தோற்றால் முதல் இரண்டும் அப்படியே நின்றுவிடும், கையால் சரிசெய்ய வேண்டும்.

கத்துகிற தவறைவிட கத்தாத தவறு பொல்லாதது. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போதும் என்று நினைத்திருந்தேன். ஆணி 0.375 கிலோ என்று இருந்ததெல்லாம் 0.38 ஆகிவிட்டது. எந்த எர்ரரும் வரவில்லை. முழு எண் பகுதி இடம் கொள்ளாவிட்டால் போஸ்ட்கிரஸ் மறுக்கும். தசமப் பகுதி அதிகமானால் பேசாமல் ரவுண்டு செய்துவிடும். பத்து நாள் கழித்து ஸ்டாக் எடுக்கும்போதுதான் இடித்தது. மைக்ரேஷனைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். டைப் மறுபடி எழுத்தாகிவிட்டது, உள்ளே "0.38"தான் இருந்தது. மாற்றத்துக்கு முந்தைய இரவின் பேக்கப் இருந்ததால் தப்பித்தோம். இப்போது அந்த ஃபீல்டில் மூன்று இலக்கம்.

அதிலிருந்து எந்த மைக்ரேஷனையும் எஸ்கியூஎல்மைக்ரேட் கொடுத்து, உள்ளே என்ன கட்டளை போகிறது என்று படிக்காமல் ஓட்டுவதில்லை. பைத்தான் ஃபைலில் எல்லாம் ஒரே ஆல்டர்ஃபீல்டாகத்தான் தெரியும். வார்கேர் 50-ஐ (50 எழுத்துவரை கொள்ளும் ஃபீல்டை) 100 ஆக்குவது போஸ்ட்கிரஸ் 9.2-லிருந்து நொடி வேலை, டேபிளைத் திருப்பி எழுதாது. இன்டிஜரை (முழு எண்) பிக்இன்ட் (இன்னும் பெரிய முழு எண்) ஆக்கினால் மொத்த டேபிளும் இண்டெக்ஸ்களும் புதிதாக எழுதப்படும். அது முடியும்வரை டேபிளுக்கு முழுப் பூட்டு, வெறுமனே படிக்கும் செலக்ட்கூட காத்திருக்கும்.

இதை நேரில் பார்த்தது வேறொரு வேலையில். மின்மீட்டர் ரீடிங் வந்து குவியும் டேபிள், இன்டிஜர் ஐடி அதன் உச்சவரம்பான 2,147,483,647-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு மைக்ரேட் கொடுத்தோம். அந்த நேரம் யாரோ ஒரு பெரிய ரிப்போர்ட்டை ஓட்டிவிட்டிருந்தார்கள். அது முடியட்டும் என்று டேபிளை மாற்றும் எங்கள் ஆல்டர் கட்டளை காத்திருந்தது. ஆல்டருக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு குவெரியும் அதன் முதுகில் வரிசை கட்டி நின்றது. மாற்றம் தொடங்கவே இல்லை, அதற்குள் தளம் முழுக்க உறைந்துவிட்டது. இப்போதெல்லாம் லாக் டைம்அவுட்டை மூன்று நொடி என்று வைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். பூட்டு கிடைக்காவிட்டால் அதுவே விலகிக்கொள்ளும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலலாம்.

பெரிய டேபிள் என்றால் இருக்கிற ஃபீல்டில் கை வைப்பதையே விட்டுவிட்டேன். நல் (காலி மதிப்பு) அனுமதித்து புது ஃபீல்டு ஒன்று சேர்ப்பேன். புதிதாக வருவதை இரண்டிலும் எழுதுமாறு கோடை மாற்றுவேன். பிறகு ரன்பைத்தானில் (மைக்ரேஷனுக்குள் பைத்தான் கோடு ஓட்டும் வழி), எல்லாம் ஒரே டிரான்சாக்ஷனாகாதபடி அட்டாமிக் ஃபால்ஸ் வைத்து, ஐயாயிரம் ஐயாயிரம் வரிசையாகப் பழையதை நிரப்புவேன். சரிபார்த்தபின் படிப்பதைப் புதியதற்கு மாற்றி, ஒரு வாரம் விட்டு பழையதை நீக்குவேன். டேட்டா நிரப்புவதையும் டேபிள் மாற்றத்தையும் ஒரே மைக்ரேஷனில் போட வேண்டாம். ஃபாரின் கீ (இன்னொரு டேபிளைச் சுட்டும் இணைப்பு) உள்ள டேபிளில் 'பெண்டிங் டிரிக்கர் ஈவென்ட்ஸ்' (சரிபார்ப்பு பாக்கி இருக்கிறது) என்று போஸ்ட்கிரஸ் மறுக்க வாய்ப்பு அதிகம்.

ஜாங்கோ போன்ற வேறு கட்டமைப்புகளான ரெயில்ஸிலும் லாராவெல்லிலும் கொஞ்சம் வேலை செய்திருக்கிறேன். ரெயில்ஸில் டைப் மாற்றும் 'சேஞ்ச்_காலம்' (change_column) கட்டளை தானாகப் பின்னோக்கி ஓடாது, அப் (முன்னோக்கி), டவுன் (பின்னோக்கி) இரண்டையும் நாமே எழுத வேண்டும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும், திரும்பி வரும் வழியை முன்பே யோசிக்க வைக்கிறது. லாராவெல் 11-க்கு மாறுகிறவர்கள் கவனிக்க: சேஞ்ச் எழுதும்போது நல்லபிள் (காலியாக விடலாம்), டீஃபால்ட் (கொடுக்காவிட்டால் எடுக்கும் மதிப்பு) எல்லாவற்றையும் மறுபடி குறிப்பிட வேண்டும், விட்டால் அவை போய்விடும். மூன்றில் எனக்கு ஜாங்கோதான். மாடலை மாற்றினால் ஃபைலை அதுவே எழுதித் தருவது அன்றாட வேலையில் பெரிய நிம்மதி.

இப்போது கடையில் நடப்பது வாடிக்கையாளர் ஃபோன் எண் ஃபீல்டின் மாற்றம். அதை 2018-ல் பிக்இன்டிஜராக வைத்தது என் தவறு. மொபைல் எண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. லேண்ட்லைனில் 0452 எல்லாம் 452 ஆகிக் கிடக்கிறது, கேர்ஃபீல்டாக மாற்றினாலும் போன சுழியம் வராது. சில எண்கள் எஸ்டிடி கோடே இல்லாமல் பதிவானவை, அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சுழியம் ஒட்டிவிடவும் முடியாது. புது ஃபீல்டு சேர்த்தாயிற்று. பழைய பில் புத்தகங்களை விரித்து வைத்து அண்ணன் எண்ணை வாசிக்கிறார், நான் அடிக்கிறேன். நேற்றுவரை 140 முடிந்திருக்கிறது, இன்னும் இருநூறு சொச்சம் பாக்கி.